பதினைந்து நாள் பள்ளி, பதினைந்து நாள் வீடு

ஊரும் பள்ளியும் – 7

விடுதியில் சேர்த்தால் பழங்குடிப் பிள்ளை ஊருக்கு அந்நியமாகிறது. சேர்க்காவிட்டால் படிப்பு நின்றுபோகிறது. இந்தச் சிக்கலோடு சென்ற வாரம் நிறுத்தினோம். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள்.

அங்கே ஆறு வருடத் தொடக்கக் கல்வி பெரும்பாலும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். அடுத்த ஐந்து வருட உயர்நிலைப் படிப்புக்குத்தான் மலையிறங்க வேண்டும். நடந்துபோய் வருவதிலேயே பொழுது கழிந்துவிடும் என்பதால், கையில் கொஞ்சம் காசுள்ள கேச்சுவா பழங்குடிக் குடும்பங்கள் சிறுநகரத்தில் ஓர் அறை பிடித்துப் பிள்ளையைத் தங்கவைக்கின்றன. பன்னிரண்டு வயதில் தானே பொங்கித் தின்று, தானே துவைத்து உடுத்தி, படிக்கவும் வேண்டும். பெண் பிள்ளையை அப்படி விட மனம் வராத வீடுகளில் அவள் படிப்பு அதோடு சரி.

வயலும் குறுக்கே நிற்கிறது. பள்ளி மார்ச்சில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. உருளைக்கிழங்கு அறுவடை ஏப்ரல் முதல் ஜூன் வரை. விதைப்பு செப்டம்பருக்கு மேல். ஆள் தேவைப்படும் மாதங்களில்தான் வகுப்பும் நடக்கிறது.

தீர்வின் வேர் பிரான்சில் இருக்கிறது. 1935-இல் செரிஞாக்-பெபுடூ என்ற சிற்றூரில் கிரானெரோ என்ற பாதிரியார் நான்கு விவசாயிப் பையன்களைச் சேர்த்தார். மாதத்தில் ஒரு வாரம் அவரிடம் படிப்பு, மிச்ச நாள் நிலத்தில் வேலை. அந்த முறை ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் பரவியது. பெருவில் 2000-களில் வேர்பிடித்து, இன்று அரசே ஏற்ற உயர்நிலைக் கல்வி வகைகளில் ஒன்றாகியிருக்கிறது. அங்கே பதினைந்து நாள் உறைவிடப் பள்ளி மையத்தில் தங்கிப் படிப்பு, பதினைந்து நாள் வீடு. ஒரு குழு ஊர் திரும்பும்போது இன்னொரு குழு வருவதால் அதே கட்டிலும் அதே வகுப்பறையும் இரண்டு மடங்கு பேருக்குப் பயன்படுகின்றன.

வீட்டில் இருக்கும் நாட்களும் படிப்பில்தான் சேரும். மாணவி ஒரு கேள்விப் பட்டியலோடு ஊருக்குப் போகிறாள். நம் வயலில் எத்தனை வகைக் கிழங்கு? எதற்கு இலைக்கருகல் அதிகம்? சந்தையில் என்ன விலை? பதில் சொல்ல வேண்டியவர்கள் அப்பா, அம்மா, பாட்டி. பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டி பேத்தியின் பாடத்துக்கு ஆதாரமாகிறாள். ஆசிரியரும் வீடு தேடி வருகிறார்.

திரும்பி வந்ததும் எல்லோர் பதில்களையும் வைத்துப் பேசுகிறார்கள். விதைச் செலவும் விளைச்சலும் கணக்குப் பாடமாகின்றன. இரவு உறைபனியில் போட்டு, மிதித்து நீரை வெளியேற்றி, பகல் வெயிலில் காயவைக்கும் ‘சுன்யோ’ கிழங்கில் அறிவியல் கிடைக்கிறது. மொழிதான் கடினம். வீட்டில் பதில் கேச்சுவா மொழியில் வருகிறது. 1975-இலேயே அது ஆட்சிமொழி என்று பெரு அறிவித்தது. ஆனாலும் உயர்நிலை வகுப்பில் ஸ்பானிஷே ஓங்கி நிற்கிறது. படிப்பை முடிக்கும் முன் கினிப்பன்றி வளர்ப்பு, காய்கறிக் கூடாரம் என ஒரு சிறுதொழிலுக்கும் திட்டம் தீட்டுகிறார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. வீட்டுக்குப் போன பெண் பிள்ளையின் கையில் கேள்வித்தாளுக்கு முன்னே அடுப்படி வேலை வந்து விழும். மலை ஏறி இறங்கி, மையத்திலேயே தங்கவும் சம்மதிக்கும் ஆசிரியர் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் நிலைப்பது அதைவிட அரிது. எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து வேறு. ஏழைப் பிள்ளைக்கு விவசாயம் போதும், நகரத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் என்று இதைச் சொல்லியே இரண்டு தரக் கல்வியை நியாயப்படுத்திவிடலாம்.

ஆகவே இந்த மையங்களை ஊரில் தங்கியவர்களின் எண்ணிக்கையை வைத்து அளப்பது தவறு. கிழங்கு வயலைத் தேர்ந்தெடுத்தவளும் மருத்துவம் படிக்கக் கிளம்பியவளும் தானே முடிவெடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். பாட்டியிடம் கேள்வி கேட்கப் பழகியவள் அரசிடமும் கேட்பாள். அப்போது பதில் சொல்ல ஆசிரியரும் ஆய்வகமும் அங்கே இருக்க வேண்டும்.

(அடுத்த வாரம்: பராகுவே காட்டுக்குள் ஒரு பெண்கள் பள்ளி)