டெல்லி வரை போவோம் என்று மிரட்டினால்...

கடை வாசலில் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்ப்போம். பிறகு "நம்ம தலையெழுத்து" என்று பில்லைக் கிழித்துப் போடுவோம். நம்மில் பலர் கதை இதுதான். துணிந்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் ஜெயித்தால்கூட, எதிராளி "மேலே போறோம்" என்றதும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. மேலே போனால் என்ன நடக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி பயம் போய்விடும், சகோதரிகளே!

எங்கள் எடமலைப்பட்டி புதூரில் பக்கத்து வீட்டு அக்கா வாங்கிய கிரைண்டரின் மோட்டார், வாரண்டி முடியும் முன்பே எரிந்து போனது. கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அக்கா திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தார். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அக்காவுக்குச் சாதகமாக உத்தரவு வந்தது. கடைக்காரர் மாநில ஆணையத்துக்குப் போனார், அங்கும் தோற்றார். "விட மாட்டோம், டெல்லி வரைக்கும் போவோம்" என்று சொல்லி அனுப்பினார். "ஒரு கிரைண்டருக்கு நான் டெல்லிக்கு அலையணுமா தங்கச்சி?" என்று அக்கா கலங்கிப் போனார்.

எங்கள் உறவில் ஒரு வக்கீல் இருக்கிறார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாவட்ட ஆணையத்தின் உத்தரவை எதிர்த்து 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். பணம் கொடுக்க வேண்டியவர், அந்தத் தொகையில் பாதியை முதலில் கட்டினால்தான் மனுவையே எடுப்பார்கள். சும்மா இழுத்தடிக்க நினைப்பவருக்கு இது ஒரு கடிவாளம். இங்கே சாட்சியம், ஆதாரம் எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள்.

அதற்கு மேல் வாசல் குறுகிவிடுகிறது. தேசிய ஆணையத்தில் இரண்டாவது மேல்முறையீடு என்றால் முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். மோட்டார் எரிந்ததா, யார் மேல் தப்பு என்று திரும்பவும் கிளற முடியாது. சீராய்வு மனு என்றாலும், கீழே அதிகாரத்தை மீறினார்களா, சட்டத்துக்குப் புறம்பாக நடந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் முடிவான உண்மைகளைச் சீராய்வில் சும்மா புரட்டிப் போடக்கூடாது என்று 2011-ல் ஓர் இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சட்டத்திலேயே மேல்முறையீட்டு வழி இருக்க, அதை விட்டுவிட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவதை ஏற்பது சரியல்ல என்று 2012-ல் அதே நீதிமன்றம் கூறியது.

இதைக் கேட்ட பிறகுதான் அக்கா முகம் தெளிந்தது. மேலே தடை உத்தரவு வாங்கியிருக்கவில்லை. ஆகவே நிறைவேற்று மனு போட்டார். உத்தரவை மதிக்காவிட்டால் 1 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் முதல் 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. டெல்லிப் பேச்சு அதோடு நின்றது. பணம் வந்து சேர்ந்தது.

ஒன்று கவனியுங்கள். இந்தக் குறுகிய வாசல் நமக்கும்தான். தோற்றுப் போனால் நமக்கும் மேலே இடம் குறைவு. அதனால் எல்லா ஆதாரத்தையும் மாவட்ட ஆணையத்திலேயே வைத்துவிட வேண்டும். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு, கடைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், பதிவுத் தபால் ரசீது – இவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். குறை தெரிந்து 2 வருடத்துக்குள் புகார் கொடுத்துவிடுங்கள். மளிகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியமா என்ன?