பழைய காரின் புதுப் பளபளப்பு

கோவை அவினாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே பழங்காலக் கார்கள் கண்ணாடிபோல் மின்னுவதைக் காணலாம். பழைய காரை விற்பவரும் பாலிஷ் போட்டு, அத்தகைய மினுமினுப்பால் நல்ல விலை பெற முயல்கிறார். இந்தப் பளபளப்பு எப்படி உண்டாகிறது, தெரியுமா?

வழவழப்பான பரப்பில் விழும் இணைகதிர்கள் இணையாகவே திரும்புகின்றன. அதில் நம் முகம் தெரிகிறது. தூசியோடு துடைக்கும்போது விழும் நுண்கீறல்கள் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கின்றன, வண்ணம் மங்குகிறது. பாலிஷில் உள்ள நுண்துகள்கள் கீறலைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துச் சமமாக்குகின்றன. இக்காலக் கார்களில் வண்ணத்தின்மேல் உள்ள நிறமற்ற பூச்சின் தடிமன் ஏறத்தாழ 40 மைக்ரான்தான். (1 மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) அடிக்கடி தேய்த்தால் இந்தக் காப்பு போய்விடும், பிறகு வெயில் வண்ணத்தைக் கெடுக்கும். மெழுகோ கீறலை நிரப்பி மறைக்கிறது, நாளடைவில் நீங்கிவிடுகிறது.

வாங்குபவருக்கும் இயற்பியல் உதவும். உரிமையாளரின் அனுமதியோடு, சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, இரும்புத் தகட்டுக் கதவில் பல இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிப்புக் குறைகிறதா? அங்கே ஒடுங்கிய பள்ளத்தைப் பட்டி பூசி நிரப்பி, வண்ணம் அடித்திருக்கக்கூடும். பட்டியின் தடிமனால் தகடு காந்தத்திலிருந்து விலகிவிடுகிறது. தொலைவு கூடினால் காந்தவிசை வெகுவாகக் குறையும். பிளாஸ்டிக் பம்பரில் இச்சோதனை பயன்படாது.

எஞ்சினின் நிலையைப் பளபளப்பு சொல்லாது. அதை ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே விலை பேசச் சொல்லுங்கள்!