பாக்குன் அணை

சரவாக்கில் பாலுய் ஆற்றின் குறுக்கே எழுந்த பாக்குன் அணையின் மின்திறன் 2,400 மெகாவாட். அதனைக் கட்டும் உரிமை 1994இல் திறந்த டெண்டரின்றி எக்ரான் என்னும் தனியார் நிறுவனத்திற்கு அளிக்கப்பெற்றது. சுற்றுச்சூழல் அறிக்கையைக் கண்டு கருத்துரைக்கப் பொதுமக்களுக்குக் கூட்டரசு விதிகள் இடமளித்தன. 1995இல் பிறந்த ஆணையோ அப்பரிசீலனையை மாநிலத்திற்கு மாற்றி அந்த வாயிலை அடைத்தது, அதுவும் முன்தேதியிட்டு! ஆற்றங்கரை மக்கள் மூவர் வழக்காடினர். 1996இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 1997இன் நாணய நெருக்கடியில் நிறுவனம் தளரவே, திட்டம் அரசின் தோளில் ஏறிற்று. ஆதாயம் மட்டும் தனியாருக்கு என்றிருந்த ஏற்பாட்டில் இதில் வியப்பில்லை. ஏறத்தாழ 10,000 பூர்வகுடியினர் சுங்கை ஆசாப்பிற்குப் பெயர்க்கப்பட்டனர். 2010இல் நீர் தேக்கப்பட்டபோது மூழ்கத் தொடங்கிய காடும் கழனியும் ஏறக்குறைய சிங்கப்பூர்த் தீவளவு.