சாவியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்

வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன தேதியன்று, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் நம் பக்கத்து மரியாதை. இங்கிலாந்தில் அந்த மரியாதையே ஒரு குடும்பத்தைக் கவிழ்த்துவிடக்கூடும். கோர்ட்டு உத்தரவு வருமுன் தானாக வெளியேறினால், "வேண்டுமென்றே வீடிழந்தவர்" என்று கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) கோப்பில் எழுதிவிட வாய்ப்புண்டு. அப்படி எழுதிவிட்டால், நீண்டகாலத்துக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் கடமையிலிருந்து கவுன்சில் நழுவிவிடலாம்.

வீடிழந்த குடும்பங்களுக்கு உள்ளூர் கவுன்சில்தான் பொறுப்பு என்று அங்கே சட்டம் சொன்னது 1977-இல். ஆனால் அது பெரும்பாலும் வெள்ளம் தலைக்கு மேல் போனபின் வரும் உதவி. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வீடின்மைக் குறைப்புச் சட்டம் இதை மாற்றியது. இன்னும் 56 நாளில் வீடு கைவிட்டுப் போகும் என்ற நிலை வந்தாலே கவுன்சில் களத்தில் இறங்கியாக வேண்டும். முன்பு இந்தக் கெடு 28 நாள்தான். குழந்தை குட்டி இல்லாத தனி ஆளுக்கும் இந்தத் தடுப்புக் கடமை பொருந்தும்.

கவுன்சில் அலுவலகத்துக்குப் போகிறவர் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவது நல்லது. வருமானம் எவ்வளவு, பாக்கி எவ்வளவு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று அதிகாரி கேட்டுக்கேட்டு ஒரு திட்டம் எழுதுவார். கவுன்சில் என்னென்ன செய்யும், குடியிருப்பவர் என்னென்ன செய்ய வேண்டும் என்று இரண்டும் அதில் இருக்கும். பல நேரம் வீட்டுக்காரருக்குப் போடும் ஒரு போனிலேயே விவகாரம் தீர்ந்துவிடுகிறது. பாக்கியைத் தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்வார்கள்; சில இடங்களில் கவுன்சிலே ஒரு பகுதியைக் கொடுக்கும். வேறு வீடு கிடைத்தால் அட்வான்ஸுக்கும் முதல் மாத வாடகைக்கும் கைகொடுக்கும். ஒரு குடும்பத்தை ஓட்டலில் மாதக்கணக்கில் தங்க வைக்கும் செலவோடு ஒப்பிட்டால், இது சல்லிக்காசு.

அதையும் மீறி வீடு போய்விட்டால் இன்னொரு 56 நாள், புது இடம் தேட உதவும் கடமை. அதன்பிறகுதான் வடிகட்டல். குழந்தைகள் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள், நோயால் நலிந்தவர்கள் போன்றோருக்கே முன்னுரிமை.

சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் கெடு முடிந்தாலும் குடியிருக்கும் உரிமை முடிவதில்லை. கோர்ட்டு உத்தரவும், அதன்பின் அதை நிறைவேற்றும் அதிகாரியான பெய்லிஃபும் வர வேண்டும். அதுவரை காத்திருக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது கவுன்சில்களுக்கான அரசு வழிகாட்டுதல். கொடுக்க வீடில்லாத கவுன்சில்களோ, "பெய்லிஃப் தேதி வந்ததும் வாங்க" என்று திருப்பி அனுப்புகின்றன. இடையில் ஏறும் வழக்குச் செலவு குடியிருப்பவர் தலையில் விழுவதும் உண்டு.

வீடு ஏன் இல்லை? குடியிருப்போரே கவுன்சில் வீட்டைச் சலுகை விலையில் வாங்கலாம் என்று 1980-இல் தாட்சர் அரசு சட்டம் போட்டது. அதன்படி இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகள் கைமாறின. விற்றதற்கு ஈடாகக் கட்டவில்லை. 2025 மார்ச் கணக்குப்படி 1,31,140 குடும்பங்கள் தற்காலிக இடங்களில் இருந்தன. அவற்றில் சில, சமையலறையும் குளியலறையும் பலருக்குப் பொதுவான விடுதி அறைகள். குழந்தைகள் உள்ள குடும்பத்தை அங்கே ஆறு வாரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி. விதி மீறப்படுவது புதுச் செய்தியல்ல.

காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் காலி செய்ய வைத்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி 2026 மே 1 முதல் புது நோட்டீஸ் கொடுக்க முடியாது. 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டப்படி, வீட்டை விற்கப் போகிறவர்கூட நான்கு மாத அவகாசம் தந்தாக வேண்டும். குடிவந்த முதல் ஆண்டில் அந்தக் காரணத்தைச் சொல்லிக் கிளப்ப முடியாது.

லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வாடகைக்கு இருக்கும் தமிழர்கள் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் விசா நிபந்தனையை. மாணவர், வேலை விசாக்களில் பொதுவாக "பொது நிதி உதவி கிடையாது" என்றிருக்கும். அவர்களுக்கு வீடு ஏற்பாடு செய்யும் கடமை கவுன்சிலுக்கு இல்லை. ஆலோசனை மட்டும் இலவசம். குழந்தைகள் இருந்தால், 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தைக் காட்டி அதே கவுன்சிலின் சமூகநலப் பிரிவை அணுகலாம். அது வேறு மேசை, வேறு வரிசை.