ஜெபத்துக்கும் எபிரேயம், பரீட்சைக்கும் எபிரேயம்! மும்பை யூதர் பள்ளியின் கதை

மும்பை மஸ்ஜித் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் நம்மவர்கள் ஏராளம். பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு பள்ளிவாசலால் வந்த பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். 1796-ல் கட்டப்பட்ட யூதர் ஜெபாலயத்தால் வந்த பெயர் அது என்பார்கள், ஊர் விவரம் தெரிந்தவர்கள்.

அந்த ஆலயம் 'பெனே இஸ்ரேல்' யூதர்களுடையது. கொங்கண் கடற்கரைக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள் இவர்கள். சனிக்கிழமை செக்கைத் தொட மாட்டார்கள். அதனால் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்று பெயர். வீட்டில் மராத்திதான் பேச்சு. பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து பட்டாளத்திலும், ரயில்வேயிலும், சர்க்கார் ஆபீசுகளிலும் சேர்ந்தார்கள்.

இரண்டு கவலை

வந்த இடத்தில் பெற்றோருக்கு இரண்டு கவலை. பிள்ளைகள் எபிரேய வேதத்தை மறந்துவிடக் கூடாது. மெட்ரிக் தேறிக் கல்லூரி வாசலையும் மிதிக்க வேண்டும். ஹயீம் சாமுவேல் கெஹிம்கர் முன்னின்று 1875-ல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். மஜ்காவ் பகுதியில் இன்று சர் எல்லி கடூரி பள்ளி என்று வழங்குவது அதுதான். பெரும் நன்கொடை தந்த வணிகரின் பெயர் அது.

வேதப் பாடத்துக்கு நேரம் ஒதுக்கினால் மற்ற பாடம் குறையாதா? குறையும்தான். ஆனால் ஒரு வசதி இருந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் சமஸ்கிருதம், பாரசீகம் போல எபிரேயத்தையும் தேர்வு மொழியாக ஏற்றிருந்தது. ஜெபத்துக்குப் படித்த மொழியே மார்க்கும் வாங்கித் தந்தது! யூதர்களின் மற்றொரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஜோசப் எசக்கியேல் ராஜ்புர்க்கர், பல்கலைக்கழகத்தின் எபிரேயத் தேர்வாளராகவும் இருந்தார். வேதத்தை மராத்தியில் விளக்கவும் தெரிந்தவர், பரீட்சைத் தாளின் தரமும் அறிந்தவர்.

முதலிடம் பெற்ற பெண்

இஸ்ரேலியப் பள்ளிக்கு வாய்த்த தலைமையாசிரியை ரெபெக்கா ரூபன். பூனாவில் படித்து, 1905 மெட்ரிக் தேர்வில் ஆண்பிள்ளைகளையும் முந்தி முதலிடம் பெற்ற பெனே இஸ்ரேல் பெண். பிறகு இங்கிலாந்து போய்ப் படித்தார். பெரிய உத்தியோகங்களைத் தேடாமல் 1922-ல் தம் சமூகத்துப் பள்ளியின் பொறுப்பை ஏற்று, 1950 வரை நடத்தினார். கல்லூரிப் படிப்பு எப்படி இருக்கும் என்று நேரில் கண்டவர் பள்ளியை நடத்தும்போது பிள்ளைகளுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

1948-ல் இஸ்ரேல் நாடு பிறந்த பிறகு குடும்பம் குடும்பமாகப் பலர் கப்பல் ஏறினார்கள். இன்று அந்தப் பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் யூதரல்லாத பிள்ளைகள்.

'தமிழ் படித்தால் பையன் காலேஜில் திணறுவானோ?' என்று நம் பெற்றோர் கேட்பதுண்டு. வீட்டு வேதமொழியைப் படித்த அந்தப் பிள்ளைகள் அதனால் கெட்டுப்போகவில்லை. ஆங்கிலமும் கணக்கும் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் இருக்கிறார்களா என்பதைத்தான் நாம் முதலில் போய் விசாரிக்க வேண்டும்.