சேதுக் கரையில் அடங்கியோர்

இராமேசுவரத்துக்கு வரும் யாத்ரீகரில் பெரும்பாலோர் அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, எள்ளும் நீரும் இறைத்து, தம் முன்னோருக்குரிய கடனைத் தீர்த்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆயினும், எந்தக் குலத்தாரும் தமக்கு மட்டுமே உரியவர் என்று சொல்லிக்கொள்ள முடியாத சில முன்னோர்கள் இந்தச் சேதுச் சீமையில் அடங்கியிருக்கிறார்கள். அவர்களையும் தரிசித்தபின்தான் அந்தக் கடன் முழுமையாகத் தீரும் என்பது என் அபிப்பிராயம்.

இராமநாதபுரத்தில், லட்சுமிபுரத்தில், சமயங்களின் சமரசத்தைப் பாடிய தாயுமான சுவாமிகளின் சமாதி இருக்கிறது. இக்கரையின் யாத்திரையை அங்கே தொடங்குவதே பொருத்தம்.

கீழக்கரையில், கோயில் மண்டபத்தை நினைவூட்டும் கருங்கல் தூண்கள் நிற்கும் பழைய ஜும்மா பள்ளிவாசலை அடுத்து, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த ஷெய்கு அப்துல் காதிர் என்ற வள்ளல் சீதக்காதி துயில்கிறார். அவர் மறைந்த செய்தி அறியாது வந்து கலங்கி நின்ற ஒரு புலவருக்குக் கல்லறையிலிருந்து மோதிரக் கை நீண்டதாகக் கர்ணபரம்பரை கூறும். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற வழக்கு அதனால் வந்தது என்பர்.

அந்த வள்ளலைப் போற்றிய கிழவன் சேதுபதியின் ஆட்சியிலேதான், லிஸ்பனில் பிறந்து காவி உடுத்து அருளானந்தர் என்று பெயர் பூண்ட கிறிஸ்தவத் துறவி ஜான் டி பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஒரே அரசின் கீழ் நிகழ்ந்த ஆதரவையும் கொடுமையையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பதும் நம் கடமையே. அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று பக்தர்கள் நம்பும் அவ்விடத்து மண்ணை, தீர்த்தச் செம்பைப் பேணுவது போலவே பக்தியோடு முடிந்து வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள்.

இத்தகைய இடங்களுக்குச் செல்வோர், செருப்பைக் கழற்றி, தர்காவானால் தலையை மூடி, புகைப்படம் எடுக்குமுன் அங்குள்ளவரிடம் அனுமதி கேட்டு, துக்க வீட்டில் நுழைவது போன்ற அடக்கத்தோடு நுழைதல் வேண்டும்.

கடைசியாக, இராமேசுவரம் தீவிலுள்ள பேய்க்கரும்பு. ஷில்லாங்கில் மாணவர்முன் உரையாற்றிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்த அப்துல் கலாம், 2015 ஜூலை 30 அன்று தாம் பிறந்த இத்தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டார். நினைவகம் 2017-இல் திறக்கப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து, ஏவுகணை மாதிரிகளைக் கண் அகலப் பார்த்துவிட்டு, சமாதியின் முன் தாமாகவே குரல் தாழ்த்துகிறார்கள். எள்ளும் நீரும் இறைக்கக் கற்காத அந்தப் பிள்ளைகளின் மௌனமும் ஒரு தர்ப்பணமே.