சாய்ந்து நின்றாலும் சதுரம்

சதுரமாக வெட்டிய ஓர் அட்டையைப் பாலர் வகுப்புப் பிள்ளையின் முன்னே பிடித்து, "இது என்ன, மகள்?" என்று ஆசிரியை கேட்கிறார். "சதுரம், டீச்சர்" என்ற விடை தயங்காது வருகிறது. அதே அட்டையைச் சற்றே திருப்பி, ஒரு முனை கீழ்நோக்கி நிற்கும்படி பிடித்து மீண்டும் கேட்டால், பிள்ளை சிறிது விழிக்கிறது. பின்னர், "பட்டம், டீச்சர்" என்கிறது. அட்டையின் பக்கம் ஒன்றேனும் நீளவுமில்லை, குறுகவுமில்லை. ஆயினும் பிள்ளையின் கண்ணுக்கு அது வேறொரு பொருளாகிவிட்டது.

இதனை மந்தபுத்தி என்று கொள்வாருளர். அஃது பெருந்தவறு. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாலும் நாற்காலியென்றே கூறும் பிள்ளை, சதுரத்தை மட்டும் ஏன் அறியாது போகிறது? நாற்காலியை அது நாற்புறமும் சுற்றிக் கண்டிருக்கிறது. ஏறியும் இழுத்தும் விளையாடியிருக்கிறது. சதுரத்தையோ, புத்தகத்திலும் சுவரிலே தொங்கும் படத்திலும், அடிப்பக்கம் கிடையாகக் கிடக்கும் ஒரே நிலையிற்றான் கண்டது. ஆகவே அந்தக் கிடையும் சதுரத்தின் இலக்கணமே என்று எண்ணிக்கொண்டது. கண்டதைக் கொண்டு பிள்ளை சரியாகவே எண்ணியிருக்கிறது. காட்டியவர்கள்தாம் குறைவாகக் காட்டிவிட்டார்கள்.

ஒல்லாந்து நாட்டிலே கணிதம் கற்பித்த பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே என்னும் தம்பதியர், 1957ஆம் ஆண்டில் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வுகளில் இவ்விடயத்தை விரித்துரைத்தனர். உருவங்களைப் பிள்ளை முதலில் முழுத்தோற்றத்தால் அறிகிறது. அடுத்த படியிற் பக்கங்களையும் மூலைகளையும் நோக்கிப் பண்புகளால் அறிகிறது. அதற்கும் மேலான படியில் ஒரு பண்பினின்று மற்றொன்றை வருவிக்கிறது. வயது ஏறுவதனால் மாத்திரம் பிள்ளை படியேறுவதில்லை, கற்பிக்கும் முறையே ஏற்றிவிடவேண்டும் என்பது அவர்களது முடிபு. ஆசிரியர் மேற்படியில் நின்று பேச, மாணவன் கீழ்ப்படியில் நின்று கேட்பானாயின், இருவர் வாயிலும் சதுரம் என்ற சொல் ஒன்றாயிருப்பினும் பொருள் வெவ்வேறாகும். பின்னாளிற் கேத்திர கணிதம் என்றாலே நடுங்கும் மாணவர் பலரின் துன்பம், பாலர் வகுப்பிலே எவரும் கவனியாத இந்த இடைவெளியிலேயே தொடங்குகிறது.

இவ்விடைவெளியை அடைப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுமா? மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக நீண்டு கிடக்கும் கல்முனைக் கரையோரத்து ஊர்களிலே, வேண்டிய கருவி வீட்டுக் கொடியிற் காய்ந்துகொண்டிருக்கிறது. மருதமுனைக் கைத்தறி நாடறிந்தது. தறியிலே பாவு நூல் நெடுக்காகவும் ஊடை நூல் குறுக்காகவும் செல்ல, இரண்டும் சந்திக்கும் இடமெல்லாம் செங்கோணம் அமைகிறது. அங்ஙனம் நெய்த கட்டம் போட்ட சாரனொன்றை வாப்பாவிடம் இரவல் வாங்கிப் பிள்ளையின் முன் விரிக்கலாம். சதுரக் கட்டம் ஒன்றைப் பிள்ளை விரலாற் சுற்றி வரட்டும். பின்னர் இரு பிள்ளைகள் துணியின் எதிரெதிர் முனைகளைப் பிடித்து மெல்ல இழுக்கட்டும்.

கட்டங்கள் சரிந்து நீள்வதைப் பிள்ளைகள் வியப்போடு காண்பர். இங்கேதான் ஆசிரியை பொறுமையோடு கேட்கவேண்டும்: நூல் நீண்டதா? இல்லை. நான்கு பக்கங்களும் முன்போலச் சமமாகவே உள்ளன. மாறியது எது? மூலை. இரண்டு மூலைகள் ஒடுங்கின, இரண்டு விரிந்தன. இனி இழுப்பதை விட்டுவிட்டு, துணியைச் சரிசெய்து, துணி முழுவதையும் அப்படியே திருப்பி வைக்கட்டும். இப்போது கட்டங்கள் முனையில் நிற்பனபோலத் தோன்றும். மூலைகளோ சிறிதும் மாறவில்லை. இழுத்தல் வேறு, திருப்புதல் வேறு என்பதைக் கண்டுகொண்ட பிள்ளை, முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்குக் கால் வைத்துவிட்டது.

தமிழிலே கற்பிப்போர் விழிப்பாயிருக்கவேண்டிய இடமும் இதுவே. இழுத்த கட்டத்துக்குப் பாடநூல் தரும் பெயர் சாய்சதுரம் என்பது. சொல் அழகியதுதான்; ஆனால் சாய்த்து வைத்த சதுரமே சாய்சதுரம் என்று பிள்ளை மயங்குவதற்கும் அதுவே இடந்தருகிறது. சரிந்தது மூலையா, முழு உருவமுமா என்று கேட்கப் பழக்கிவிட்டால் மயக்கம் நீங்கும். உருவத்தைக் கையில் ஆண்ட பின்னரே பெயரைச் சொல்லுதல் நன்று. முக்கோணி என்று இலங்கைப் பாடநூல்கள் கூறுவதைத் தமிழ்நாட்டார் முக்கோணம் என்பர். பெயர் எதுவாயினும் மூன்று ஈர்க்குகளை நூலாற் கட்டியது அசையாது நிற்கும், நான்கைக் கட்டியது அமுக்கினாற் சரியும்.

மூலையைச் சோதிப்பதற்குக் கருவி வேண்டுமாயின், கிழிந்த தாளொன்று போதும். எப்படிக் கிழிந்திருந்தாலும் அதை ஒருமுறை மடித்து, அந்த மடிப்புக்கோடு தன்மேலேயே படியுமாறு மீண்டும் மடித்தால், செங்கோணம் ஒன்று கையில் வந்துவிடும். அதைக் கதவிலும் மேசையிலும் பன்பாயின் ஓரத்திலும் வைத்துப் பார்ப்பதிலே பிள்ளைகள் களிப்பெய்துவர். பன் என்னும் சதுப்புநிலப் புல்லைச் சாயமிட்டு உம்மாமார் இழைக்கும் பாயைச் சுற்றிப் பிள்ளைகளை அமர்த்தினால் மற்றொரு பாடமும் கிடைக்கும். பக்கத்தில் இருப்பவர் நேராகக் காணும் கட்டத்தை, மூலையில் இருப்பவர் முனையில் நிற்பதாகக் காண்பர். இடம் மாறி அமர்ந்தால் காட்சியும் மாறும், பாய் அசைவதேயில்லை.

ஜெர்மனியிலே பிளாங்கன்பர்க் நகரில் 1837ஆம் ஆண்டிற் பாலர் கல்விப் பணியைத் தொடங்கிய புரோபெல் என்பாரும், மரத்தாலான கோளம், உருளை, சதுரமுகி ஆகியவற்றை நூலிலே தொங்கவிட்டுச் சுழற்றிக் காட்டச் செய்தார். சுழலும் சதுரமுகி உருளைபோலத் தோன்றும்; நின்றதும் தன் உருவைக் காட்டும்.

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. இஸ்லாமியக் கட்டடக் கலையிற் பலவிடத்தும் காணப்படுவதும், குர்ஆனின் சில அச்சுப் பிரதிகளிலே பகுதி தொடங்கும் இடத்தைக் குறிப்பதுமான எண்முனை உரு, ஒரேயளவான இரண்டு சதுரங்களாலானது. இரு நிறத் தாள்களிற் சதுரம் வெட்டி, ஒவ்வொன்றையும் முனைக்கு முனை இருமுறை மடித்து நிமிர்த்தினால், மடிப்புகள் வெட்டும் இடமே நடுவாகும். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, நடுவிலே ஊசி குத்தி, மேல் தாளின் மடிப்புக்கோடு கீழ்த் தாளின் பக்கத்து நடுவை அடையும்வரை பிள்ளையே திருப்பட்டும். முனைகள் எட்டும் வெளிப்படும். முதல் முயற்சியில் நடு பிசகி ஒருபுறம் நீண்டும் மறுபுறம் குறுகியும் நின்றால் ஏசவேண்டியதில்லை. ஊசியைக் கழற்றி, எந்தத் தாள் நகர்ந்ததென்று பிள்ளையிடமே கேட்கலாம்.